வீடியோ எடிட்டிங் திணறாமல் ஓட எந்தக் கணினி வாங்குவது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கணினி வாங்கப் போகிறவர்களும் கேட்கிறார்கள். வாங்கிவிட்டு, டைம்லைன் (கிளிப்புகளை வரிசையாக அடுக்கும் பட்டை) திக்கித் திக்கி ஓடுவதைப் பார்த்து நொந்துபோனவர்களும் கேட்கிறார்கள். தினமும் எடிட் செய்து, நண்பர்களுக்குக் கணினி பூட்டிக் கொடுத்து, என் காசையே ஒருமுறை தவறான பாகத்தில் போட்டுத் தெரிந்துகொண்டவற்றை இங்கே எழுதியிருக்கிறேன்.

புதுக் கணினி வாங்க வேண்டும். எந்தப் பாகத்திலிருந்து யோசிக்க ஆரம்பிப்பது?

பாகங்களை அப்புறம் பார்க்கலாம். முதலில் உங்கள் கேமராவோ ஃபோனோ எடுத்துத் தரும் கோப்பைப் பாருங்கள். மீடியாஇன்ஃபோ என்று ஓர் இலவச மென்பொருள் இருக்கிறது. அதில் உங்கள் கிளிப் ஒன்றைத் திறந்து ஐந்து விவரங்களை ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள்: கோடெக் (வீடியோவைச் சுருக்கிச் சேமிக்கும் முறை) என்ன, 8 பிட்டா 10 பிட்டா, நிறத் தகவல் 4:2:0 வகையா 4:2:2 வகையா, நொடிக்கு எத்தனை மெகாபிட், நொடிக்கு எத்தனை ஃபிரேம் (தனித்தனிப் படம்).

"4கே எடிட்டிங்குக்கு எந்தக் கணினி நல்லது?" என்று மட்டும் கேட்டால் யாராலும் சரியான பதில் சொல்ல முடியாது. ஒரு 4கே கோப்பு நான்கு வருடப் பழைய லேப்டாப்பில் வழுக்கிக்கொண்டு ஓடும். இன்னொரு 4கே கோப்பு போன மாதம் வாங்கிய கணினியையே திணறடிக்கும். அந்தத் தாளில் இருக்கும் ஐந்து விவரங்கள்தான் வித்தியாசம்.

பெரிய பெரிய கேம் எல்லாம் பிரமாதமாக ஓடுகிற கணினியில், ஒரு சின்ன வீடியோ கிளிப் ஏன் சிக்குகிறது?

எச்.264, எச்.265 என்ற இரண்டு கோடெக்குகளும் கோப்பின் அளவைக் குறைப்பதற்காக வந்தவை. எச்.264 வந்தது 2003இல், எச்.265 வந்தது 2013இல். இவை ஒவ்வொரு ஃபிரேமையும் முழுப் படமாகச் சேமிப்பதில்லை. ஒரு ஃபிரேமை முழுதாக எழுதிவிட்டு, அடுத்தடுத்த ஃபிரேம்களுக்கு "முந்தையதில் இந்த இடம் மட்டும் நகர்ந்தது, அந்த இடம் மட்டும் மாறியது" என்று குறிப்பு எழுதி வைக்கின்றன. சில குறிப்புகள் பின்னால் வரப்போகும் ஃபிரேமைக்கூடச் சார்ந்திருக்கும்.

படம் பார்க்கும்போது இதனால் சிக்கல் இல்லை. வரிசையாகப் படித்துக்கொண்டே போகலாம். எடிட்டிங்கில் நாம் வரிசையாகப் போவதில்லை. ஒரு வெட்டு சரியாக விழுந்ததா என்று பார்க்க இடது அம்புக்குறியைத் தட்டி ஒவ்வொரு ஃபிரேமாகப் பின்னால் போகிறீர்கள் என்று வையுங்கள். 29ஆவது ஃபிரேமைக் காட்ட, முழுப் படமாக இருக்கும் முதல் ஃபிரேமுக்குப் போய், அங்கிருந்து குறிப்புகளைப் பிரித்துக்கொண்டு 29 வரை வர வேண்டும். இன்னொரு தட்டு தட்டினால் 28ஆவதற்கும் அதே பாடு. மென்பொருள் சிலவற்றை நினைவில் வைத்திருந்து சமாளிக்கும்; ஆனாலும் அடிப்படை வேலை இதுதான். இதற்கு டீகோடிங் என்று பெயர். கேம் ஓட்டுவதற்கும் இந்த வேலைக்கும் சம்பந்தமே இல்லை. கிராபிக்ஸ் கார்டின் பெரும்பகுதி சும்மா உட்கார்ந்திருக்க, டீகோட் செய்யும் சின்னப் பகுதியோ பிராசஸரோ மட்டும் மூச்சுமுட்ட ஓடிக்கொண்டிருக்கும்.

புரோரெஸ், டிஎன்எக்ஸ்எச்ஆர் போன்ற எடிட்டிங் கோடெக்குகளில் ஒவ்வொரு ஃபிரேமும் தனித்தனியாக முழுமையாக இருக்கும். கோப்பு பல மடங்கு பெரிதாகும், ஆனால் முன்னே பின்னே எப்படி இழுத்தாலும் கூடவே ஓடி வரும்.

4:2:2 10 பிட் என்றால் என்ன? ஏன் எல்லோரும் அதைச் சொல்லிப் பயமுறுத்துகிறார்கள்?

பயப்பட வேண்டாம், ஆனால் கணினி வாங்கும் முன் கட்டாயம் தெரிந்திருக்க வேண்டிய விஷயம் இது.

ஃபோன்களும் சாதாரணக் கேமராக்களும் பெரும்பாலும் 4:2:0 வகையில் எடுக்கின்றன: நான்கு பிக்சலுக்கு ஒரு நிறத் தகவல். 4:2:2 வகையில் இரண்டு பிக்சலுக்கு ஒன்று. 10 பிட் என்றால் ஒவ்வொரு நிறத்துக்கும் 256 படிகளுக்குப் பதில் 1,024 படிகள். நிறத்தைத் திருத்தும்போது வானத்தில் பட்டை பட்டையாகக் கோடு விழாமல் இருப்பதற்கு இந்தக் கூடுதல் தகவல்தான் காரணம். அதனால்தான் கேனான், சோனி, ஃபியூஜிஃபில்ம் கேமராக்களில் நல்ல தரம் வேண்டும் என்று மெனுவில் தேடினால் இந்த வகை வந்து நிற்கிறது.

சிக்கல் எங்கே வருகிறதென்றால், டீகோட் செய்வதற்கென்று சிப்பில் இருக்கும் தனிப் பகுதி எல்லா வகையையும் படிப்பதில்லை. என்விடியா கார்டுகளில் 4:2:2 வகையைப் படிக்கும் வசதி 2025இல் வந்த ஆர்டிஎக்ஸ் 50 வரிசையில்தான் சேர்ந்தது. ஆர்டிஎக்ஸ் 4090 எவ்வளவு வலுவான கார்டு! அதற்குக்கூட இந்த வகை தெரியாது. ஆனால் இன்டெலின் 11ஆம் தலைமுறை டெஸ்க்டாப் பிராசஸரில் உள்ளேயே இருக்கும் சாதாரண கிராபிக்ஸ், குவிக் சிங்க் என்ற பகுதியின் வழியாக 4:2:2 10 பிட் எச்.265 கோப்பை அலட்டிக்கொள்ளாமல் படிக்கும். இன்டெல் ஆர்க் கார்டுகளும் படிக்கும். ஆப்பிளின் எம் வரிசைச் சிப்புகளும் படிக்கும்.

என் காசு போனது இங்கேதான். ஒருமுறை, "தனிக் கார்டு போடப் போகிறோமே, உள்ளே இருக்கும் கிராபிக்ஸ் எதற்கு" என்று, அது இல்லாத பிராசஸராகப் பார்த்து வாங்கினேன். இன்டெலில் மாடல் எண்ணின் கடைசியில் எஃப் என்ற எழுத்து இருந்தால் உள்ளே கிராபிக்ஸ் கிடையாது என்று பொருள். கிராபிக்ஸ் இல்லையென்றால் குவிக் சிங்க்கும் இல்லை. புதுக் கேமராவின் கிளிப்பைப் போட்டதும் 14 கோரும் (பிராசஸருக்குள் தனித்தனியாக வேலை செய்யும் பகுதிகள்) நூறு சதவீதத்தில் ஓடின, படம் நொடிக்கு ஆறேழு ஃபிரேமில் நொண்டியது. பிராசஸரை மாற்றிய பிறகுதான் சரியானது. மிச்சம் பிடித்த தொகையைவிடப் பல மடங்கு செலவு. எடிட்டிங்குக்கு இன்டெல் வாங்கினால் எஃப் இல்லாததை வாங்குங்கள் என்று இன்றும் எல்லோரிடமும் சொல்கிறேன்.

பிராசஸரில் எத்தனை கோர் வேண்டும்?

8 கோர் இருந்தால் பெரும்பாலானோருக்குப் போதும். 12, 16 என்று போனால் எக்ஸ்போர்ட்டும் (முடித்த வீடியோவைக் கோப்பாக எழுதுவது) ப்ராக்ஸி தயாரிப்பும் (எடிட் செய்வதற்கான சின்ன நகல்) வேகமாகும். டைம்லைனில் வெட்டி ஒட்டும்போது பெரிய வித்தியாசம் தெரியாது. ஆஃப்டர் எஃபெக்ட்ஸ் போன்ற மோஷன் கிராபிக்ஸ் வேலைகளில் ஒற்றைக் கோரின் வேகமும் முக்கியம். ஒரே நேரத்தில் பல ஃபிரேம்களை ரெண்டர் செய்யும் (எஃபெக்ட் எல்லாம் சேர்த்து இறுதிப் படமாக்கும்) வசதி அதில் 2021இன் இறுதியில்தான் வந்தது. அது வந்த பிறகு கூடுதல் கோர்களுக்கும் வேலை கிடைக்கிறது, கூடவே ரேமும் நிறைய தின்கிறது.

கிராபிக்ஸ் கார்டு எந்த அளவுக்கு அவசியம்?

எந்த மென்பொருளில் வேலை செய்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. டாவின்சி ரிசால்வ் கிராபிக்ஸ் கார்டை நம்பியே கட்டப்பட்டது. கலர் கிரேடிங் (நிறத்தை மெருகேற்றுவது), புள்ளி புள்ளியாகத் தெரியும் நாய்ஸை நீக்குவது, முகத்தைத் தொடர்ந்து மங்கலாக்குவது எல்லாமே அங்கேதான் நடக்கும். பிரீமியர் புரோவில் எஃபெக்ட், நிறத் திருத்தம், அளவு மாற்றுவது போன்றவற்றுக்குக் கார்டு உதவும். ஆனால் நடுத்தரக் கார்டிலிருந்து உச்சக் கார்டுக்குப் போனால் கிடைக்கும் லாபம் ரிசால்வில் கிடைக்கும் அளவுக்கு இருக்காது.

கார்டின் வேகத்தைவிட அதன் சொந்த நினைவகத்தை, அதாவது விரேமை, முதலில் பாருங்கள். வேகம் குறைந்தால் வேலை மெதுவாகும், அவ்வளவுதான். விரேம் பற்றாவிட்டால் ரிசால்வ் "கிராபிக்ஸ் நினைவகம் நிறைந்துவிட்டது" என்று சொல்லிவிட்டு ரெண்டரைப் பாதியில் நிறுத்திவிடும். 4கே வேலைக்கு 8 ஜிபி குறைந்தபட்சம். நாய்ஸ் நீக்கம், ஃபியூஷன் (ரிசால்வில் எஃபெக்ட் உருவாக்கும் பகுதி), பல அடுக்கு எஃபெக்ட் என்று போகிறவர்கள் 12 அல்லது 16 ஜிபி பார்க்க வேண்டும். ஒரு தலைமுறை பழைய கார்டாக இருந்தாலும் விரேம் கூடுதலாக இருப்பதையே நான் எடுப்பேன், என் கோப்பு வகையை அது டீகோட் செய்யும் என்றால்.

இன்னொன்று. ரிசால்வின் இலவசப் பதிப்பில் எல்லா வன்பொருள் வசதியும் திறக்காது. சில, காசு கொடுத்து வாங்கும் ஸ்டுடியோ பதிப்பில்தான் கிடைக்கும். புதுக் கார்டு வாங்கியும் வேகம் கூடவில்லை என்றால் இதையும் ஒருமுறை பாருங்கள்.

ரேம் 16 ஜிபி போதுமா?

எச்டி வேலைக்குப் போதும். 4கே என்றால் 32. பிரீமியர் புரோவுக்கு அடோபி பரிந்துரைப்பதும் இதே அளவுதான்.

ஏன் இவ்வளவு என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 4கே ஃபிரேம் ஒன்றில் 3,840 பெருக்கல் 2,160, ஏறத்தாழ 83 லட்சம் பிக்சல்கள். ஒரு பிக்சலுக்கு 4 பைட் என்றால் ஒரு ஃபிரேம் 33 எம்பி. நொடிக்கு 30 ஃபிரேம், ஆக ஒரே ஒரு நொடி வீடியோ பிரித்து வைத்தால் 1 ஜிபி. நிறத் திருத்தத்தைத் துல்லியமாகச் செய்ய மென்பொருள் 32 பிட் ஃப்ளோட் முறைக்குப் போனால் ஒரு பிக்சலுக்கு 16 பைட். அதே நொடி 4 ஜிபி. கோப்புறையில் 50 எம்பி என்று சாதுவாக உட்கார்ந்திருக்கும் கிளிப், திறந்ததும் இப்படி விரிகிறது. பக்கத்தில் பிரவுசரும் ஃபோட்டோஷாப்பும் திறந்திருந்தால் சொல்லவே வேண்டாம்.

வாங்கும்போது 32 ஜிபி ஒற்றைத் துண்டாக வாங்காமல் 16, 16 என இரண்டாகப் போடுங்கள். இரண்டு சேனலும் வேலை செய்யும். உள்ளே இருக்கும் கிராபிக்ஸைப் பயன்படுத்துகிறவர்களுக்கு இது கண்ணுக்குத் தெரியும் வித்தியாசம், ஏனென்றால் அதற்குத் தனி நினைவகம் கிடையாது; கணினியின் ரேமையே பங்கு போட்டுக்கொள்கிறது.

எஸ்எஸ்டியா, ஹார்டு டிஸ்க்கா?

எடிட் செய்யும் கோப்புகள் எஸ்எஸ்டியில், முடித்து எடுத்துவைப்பவை ஹார்டு டிஸ்க்கில்.

நொடிக்கு 100 மெகாபிட் கிளிப் என்றால் 12.5 எம்பிதான். ஹார்டு டிஸ்க் தாராளமாகத் தாங்கும் போலத் தோன்றும், நொடிக்கு 150 எம்பிக்கு மேல் தருகிறதே என்று. ஆனால் அது ஒரே இடத்திலிருந்து நேராகப் படித்தால் வரும் வேகம். நான்கு கேமராக் கோணங்களை அடுக்கி, பின்னணி இசையும் வைத்து, பிளேஹெட்டை (டைம்லைனில் ஓடும் இடத்தைக் காட்டும் கோடு) அங்குமிங்கும் இழுத்தால் டிஸ்க்கின் ஊசி ஒவ்வொரு முறையும் வேறிடத்துக்குத் தாவ வேண்டும். ஒவ்வொரு தாவலுக்கும் சுமார் 10 மில்லி நொடி. அந்தத் தாவல்கள் சேர்ந்து படத்தை நிறுத்திவிடும். எஸ்எஸ்டியில் ஊசியும் இல்லை, தாவலும் இல்லை.

சாட்டா என்ற பழைய இணைப்பு வகை எஸ்எஸ்டி நொடிக்கு 550 எம்பி அளவில் நின்றுவிடும், என்விஎம்இ என்ற புதிய வகையில் நல்லது 3,500இலிருந்து 7,000 வரையும் அதற்கு மேலும் போகும். எச்.264, எச்.265 கோப்புகளுக்கு இரண்டுக்கும் இடையே பெரிய வித்தியாசம் உணர மாட்டீர்கள். புரோரெஸ் 422 வகையில் 4கே, நொடிக்கு 30 ஃபிரேம் என்றால் சுமார் 590 மெகாபிட், அதாவது 74 எம்பி. இப்படி ஏழெட்டு அடுக்கு வைத்தால்தான் என்விஎம்இயின் அருமை தெரியும். மலிவான கியூஎல்சி வகை எஸ்எஸ்டிகளில் மட்டும் கவனம் தேவை. முதல் சில பத்து ஜிபி பறக்கும், கேஷ் (உள்ளே இருக்கும் வேகமான தற்காலிக இடம்) நிறைந்ததும் எழுதும் வேகம் ஹார்டு டிஸ்க் அளவுக்கு இறங்கிவிடும். கேமரா கார்டு முழுவதையும் ஒரே மூச்சில் நகலெடுக்கும்போதுதான் இது தெரியவரும்.

கொள்ளளவுக்கு ஒரு கணக்கு: 100 மெகாபிட்டில் ஒரு மணி நேரம் 45 ஜிபி. உங்கள் ஒரு வேலைக்கு எத்தனை மணி நேரம் பதிவு செய்கிறீர்கள் என்று பெருக்கிக்கொள்ளுங்கள், ப்ராக்ஸிக்கும் கேஷுக்கும் இன்னொரு பாதியைச் சேருங்கள்.

வெளியே செருகும் எஸ்எஸ்டியிலிருந்தே நேராக எடிட் செய்யலாமா?

தாராளமாக. ஆனால் கேபிளைப் பாருங்கள். நண்பர் ஒருவர், புது எஸ்எஸ்டி நொடிக்கு 40 எம்பிகூடத் தரவில்லை, திருப்பிக் கொடுக்கப் போகிறேன் என்று வருத்தத்தோடு வந்தார். பையிலிருந்து அவர் எடுத்த டைப் சி கேபிள் மெல்லிசாக, வெள்ளையாக, ஃபோன் சார்ஜருடன் வந்தது. அந்த மாதிரிக் கேபிள்கள் பலவற்றில் உள்ளே யுஎஸ்பி 2 கம்பிகள்தான் இருக்கும். முனை மட்டும்தான் டைப் சி. எஸ்எஸ்டியின் பெட்டியிலேயே கிடந்த குட்டையான, தடித்த கேபிளைச் செருகியதும் வேகம் 900ஐத் தாண்டியது.

10 ஜிகாபிட் யுஎஸ்பி பெரும்பாலான வேலைக்குப் போதும். 40 ஜிகாபிட் தண்டர்போல்ட், பெரிய புரோரெஸ் கோப்புகளோடு தினமும் மல்லுக்கட்டுகிறவர்களுக்கு.

லேப்டாப் வாங்கலாமா, டெஸ்க்டாப்தானா?

வெளியே போய் எடிட் செய்ய வேண்டியிருந்தால் லேப்டாப். இல்லையென்றால் அதே தொகைக்கு டெஸ்க்டாப் கூடுதல் வேகமும், பின்னால் பாகம் மாற்றும் வசதியும் தரும்.

லேப்டாப் கார்டின் பெயரை மட்டும் பார்த்து ஏமாந்துவிடாதீர்கள். ஆர்டிஎக்ஸ் 4060 என்ற ஒரே பெயரில் 35 வாட்டில் ஓடும் லேப்டாப்பும் உண்டு, 115 வாட்டில் ஓடும் லேப்டாப்பும் உண்டு. இரண்டும் ஒன்றல்ல. விவரப் பட்டியலில் வாட் எண்ணைத் தேடுங்கள். போடவில்லை என்றால் கேட்டு வாங்குங்கள். மெல்லிய லேப்டாப்புகள் முதல் ஐந்து நிமிடம் வேகமாக ஓடிவிட்டு, சூடானதும் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். பேட்டரியில் ஓட்டினாலும் பலவற்றில் வேகம் பாதியாகிவிடும், சார்ஜரைச் செருகியே எடிட் செய்யுங்கள்.

ஆப்பிள் மேக் நல்லதா?

எடிட்டிங்குக்கு மிக நன்றாக இருக்கிறது, அதைச் சொல்லத் தயக்கமே இல்லை. 4:2:2 எச்.265 டீகோடிங் எம்1இலேயே இருக்கிறது. புரோரெஸுக்கான தனிப் பகுதி 2021இல் எம்1 புரோ, எம்1 மேக்ஸில் வந்தது. சாதாரண எம்1இல் அது இல்லை, எம்2இலிருந்து அடிப்படைச் சிப்பிலும் உண்டு. பேட்டரியிலும் வேகம் அவ்வளவாகக் குறைவதில்லை.

மேக்புக்கில் ரேமை அப்புறம் கூட்ட முடியாது, கிராபிக்ஸும் அதே நினைவகத்தைப் பகிர்ந்துகொள்கிறது. வாங்கும் அன்றே தேவையானதை எடுத்துவிட வேண்டும். உள்சேமிப்பைக் குறைத்துக்கொண்டு வெளி எஸ்எஸ்டியால் ஈடுகட்டலாம். ரேமுக்கு அப்படி வழியில்லை.

மானிட்டர்?

ஐபிஎஸ் வகைப் பேனல், எஸ்ஆர்ஜிபி (இணையத்தின் பொதுவான நிற வரம்பு) முழுமையாக, டெல்டா இ (நிறம் எவ்வளவு பிசகுகிறது என்ற அளவு) 2க்குக் கீழ். இணையத்துக்கும் தொலைக்காட்சிக்கும் எடிட் செய்ய இது போதும். கேமிங்குக்கான 240 ஹெர்ட்ஸ் இங்கே உதவாது.

பவர் சப்ளை, குளிரூட்டி இவற்றில் மிச்சம் பிடிக்கலாமா?

பவர் சப்ளையில் வேண்டாம். இரவு முழுக்க ரெண்டர் ஓடும் கணினி இது. கார்டும் பிராசஸரும் மணிக்கணக்கில் முழு மின்சாரம் இழுக்கும். தேவையைவிட 150, 200 வாட் கூடுதலாக எடுங்கள். குளிரூட்டிக்குப் பெரிய காற்றாடி ஒன்று போதும், வண்ண விளக்குகள் வேண்டாம்.

புதுசு வாங்கக் காசில்லை. பழைய கணினியிலேயே சமாளிக்க முடியுமா?

முடியும், ப்ராக்ஸி என்ற வழி இருக்கும்வரை. மூலக் கோப்புக்குப் பதிலாகச் சின்ன அளவு நகல் ஒன்றை மென்பொருள் தயாரித்து, அதை வைத்து எடிட் செய்ய விடும். எக்ஸ்போர்ட் செய்யும்போது மூலக் கோப்பையே எடுத்துக்கொள்ளும். தரம் துளியும் குறையாது. 1080 அளவில் புரோரெஸ் ப்ராக்ஸி நொடிக்கு 45 மெகாபிட்தான், பழைய கணினிகூட அதைச் சிரமமில்லாமல் ஓட்டும். பிரீமியர், ரிசால்வ், ஃபைனல் கட் மூன்றிலும் இந்த வசதி இருக்கிறது. தூங்கப் போகும் முன் ப்ராக்ஸி தயாரிக்க விட்டுவிட்டால் காலையில் வேலையைத் தொடங்கலாம். வலுவான கணினி வைத்திருப்பவர்களும் நீளமான வேலைகளில் இப்படித்தான் செய்கிறார்கள். இதில் கௌரவக் குறைச்சல் எதுவும் இல்லை.

ஃபோனில் எடுத்த வீடியோவில் போகப் போகக் குரலும் உதடும் ஒட்டாமல் போகிறது. ரேம் கூட்டினால் சரியாகுமா?

ஆகாது. ஃபோன்கள் நொடிக்கு நொடி ஃபிரேம் எண்ணிக்கையை மாற்றிக்கொண்டே பதிவு செய்யும். ஹேண்ட்பிரேக் போன்ற இலவச மென்பொருளில் நிலையான ஃபிரேம் வேகத்துக்கு மாற்றிவிட்டு எடிட் செய்யுங்கள்.

எந்தப் பாகத்தால் சிக்குகிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

விண்டோஸில் டாஸ்க் மேனேஜரைத் திறந்து, பெர்ஃபார்மன்ஸ் பகுதியை ஓரமாக வைத்துக்கொண்டு, சிக்கும் இடத்தை ஓடவிடுங்கள். பிராசஸர் நூறைத் தொட்டு, கிராபிக்ஸ் பகுதியில் வீடியோ டீகோட் என்ற கட்டம் பூஜ்யத்தில் இருந்தால், உங்கள் கோப்பு வகையை வன்பொருள் படிக்கவில்லை அல்லது மென்பொருள் அமைப்பில் அது அணைந்திருக்கிறது. டிஸ்க் நூறில் நின்றால் சேமிப்பகம். ரேம் நிறைந்து டிஸ்க்கும் கூடவே துள்ளினால் ரேம்தான் பற்றவில்லை. வெறும் கிளிப் நன்றாக ஓடி, எஃபெக்ட் போட்ட இடத்தில் மட்டும் நின்றால் கிராபிக்ஸ் கார்டு. ஐந்து நிமிட வேலை இது. இதைச் செய்யாமல் எதையும் வாங்காதீர்கள்.

வாங்கும் முன் சோதித்துப் பார்க்க முடியுமா?

முடிந்தால் கட்டாயம் செய்யுங்கள். ஒரு வேகமான எஸ்எஸ்டியில் உங்கள் சொந்தக் கிளிப் ஐந்தாறை எடுத்துப் போங்கள். அதே மாடல் வைத்திருக்கும் நண்பரிடமோ காட்சிக்கு வைத்திருக்கும் கணினியிலோ நீங்கள் பயன்படுத்தும் மென்பொருளைத் திறந்து, கிளிப்புகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குங்கள். முதலில் நேராக ஓடவிடுங்கள். அப்புறம் ஜே விசையை அழுத்திப் பின்னோக்கி ஓடவிடுங்கள். பிளேஹெட்டைப் பிடித்து வேகமாக இழுங்கள். கடைசியாகப் பத்து நிமிட எக்ஸ்போர்ட் ஒன்றைப் போட்டுவிட்டு, அது முடிந்த சூட்டோடு மறுபடியும் அதே கிளிப்புகளைப் பின்னோக்கி ஓட்டிப் பாருங்கள். அந்த இரண்டாவது ஓட்டத்திலும் ஃபிரேம் விடுபடாமல் இருந்தால் அந்தக் கணினியை வாங்கலாம்.